கதைக்கரு நோட்டில், புத்தகம் கடையில்

விடுமுறைக்கு இராசிபுரம் வந்த பேத்தி தமிழ் நோட்டைக் காட்டினாள். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற சிறார் நாவல். கதைக்கரு, கதைக்களம், கதைமாந்தர் எல்லாம் வரிசையாக இருந்தன.

“புத்தகம் படிச்சயா சாமி?”

“இல்லீங்க அப்புச்சி. மிஸ் சொல்லச் சொல்ல எழுதினோம்.”

கீழடிக்குள் கால் வைக்காத பிள்ளைக்குக் கதைக்களம் என்ன விளங்கும்? இலை போடாமலே ருசி கேட்கிற பரீட்சை இது! நானும் தமிழய்யாவாக இருந்தபோது துணைப்பாடத்தை வினா-விடையாகவே நடத்தித் தள்ளியவன்தான். அந்த வெட்கத்தில்தான் எழுதுகிறேன்.

போர்ஷன் முடியாது என்பார்கள். வாரம் ஒரு பீரியட் போதுமய்யா. ஓர் அத்தியாயத்தை உரக்கப் படிக்கவிட்டு, “அவன் ஏன் அப்படிச் செய்தான்?” என்று கேளுங்கள். கதைமாந்தர் யாரென்று பிள்ளைகளே சொல்வார்கள். நாம் எழுதிப்போட வேண்டாம்.

சேலத்தில் புத்தகம் வாங்கித் தந்தேன். இப்போது சோற்றுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை.