நகப்பூச்சும் நல்லறிவும்

சிறியன என்று நாம் ஒதுக்கும் பொருள்களுட் சில, அணுகி நோக்குவார்க்குப் பெரியன பலவற்றைக் கற்பிக்கும் இயல்பின. கடந்த கோடை விடுமுறையில் யான் ஊருக்குச் சென்றிருந்தபொழுது, ஒரு நாட் பிற்பகல் வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து, என் விரல் நகங்கள் பத்துக்கும் பத்து வகையாகப் பூச்சிட்டுக் கொண்டிருந்தேன். ஒரு நகத்தில் ஒரு பூச்சு, மற்றொன்றில் இரண்டு, வேறொன்றில் மூன்று. ஒன்று பளபளப்பது, ஒன்று மங்கி நிற்பது, ஒன்று முத்துப்போல் ஒளிர்வது. அருகில் ஒரு சிறு குறிப்பேடும் இருந்தது. அவ்வழியே வந்த என் அத்தை சற்றே நின்று நோக்கி, "இதற்கோ அம்மா உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினோம்?" என்றார். அவர் சினந்து கூறினாரல்லர், நகைத்தே கூறினார். ஆயினும் அவ்வினாவுக்கு அன்று என்னால் விடையிறுக்க இயலவில்லை. அவ்விடையையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

நகப்பூச்சைப் பழிப்போர் இரு திறத்தார். இது நம் நாட்டு வழக்கன்று என்பார் ஒரு திறத்தார். இது வீண் ஆடம்பரம் என்பார் மற்றொரு திறத்தார். முன்னவர்க்கு முதற்கண் விடை கூறுவோம். நகத்துக்கு நிறமூட்டல் நமக்குப் புதிதன்று. மருதோன்றி இலையை அரைத்து விரல் நுனியில் அப்பி, இரவு முழுதும் வைத்திருந்து, விடியலிற் கழுவி, யாருடைய விரல் மிகச் சிவந்தது என்று ஒப்பு நோக்கி மகிழாத இல்லங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. அரைக்கும்பொழுது புளி சேர்ப்பார் சிலர். பாக்குச் சேர்ப்பார் சிலர். எலுமிச்சைச் சாறு பிழிவார் சிலர். ஒவ்வொரு பாட்டியாரும் தத்தம் முறையே சிறந்ததென்று வாதிடுவர். அவரெல்லாம் வீட்டிலிருந்தே சோதனை செய்தவர் அன்றோ?

ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மருதோன்றியிலுள்ள லாசோன் என்னும் சாயப்பொருள், நகம் ஆக்கப்பட்டுள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு பிணைந்துவிடுகின்றது. ஆதலின் அதனைத் துடைத்தெடுத்தல் இயலாது. கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்ந்து, சிறிது சிறிதாக வெட்டுண்டு கழியும் வரை அந்நிறம் உடனிருக்கும். நகப்பூச்சோ நகத்தின்மேற் படியும் மெல்லிய படலம். வேண்டும்பொழுது இடலாம், வேண்டாதபொழுது நீக்கலாம். பிழை செய்யவும், செய்த பிழையைத் திருத்தவும் இடந்தரும் பொருளே பயில்வார்க்கு ஏற்ற பொருள். எனவே, சோதனை செய்து பார்க்கும் விருப்புடையார்க்கு இச்சிறு குப்பி நல்லதொரு துணை என்பது என் கருத்து.

இனி, ஆடம்பரம் என்பாரை நோக்கி ஒன்று வினவுகின்றேன். வாயிலில் கோலமிடுவதை யாரேனும் வீண் என்பரோ? நண்பகலுக்குள் அழிந்துவிடும் என்று அறிந்தன்றோ நம் தாய்மார் நாடோறும் அதனை இடுகின்றனர்? அழகை விலை கொடுத்து வாங்குவது வேறு. தன் கையாற் செய்து பார்ப்பது வேறு. முன்னதிற் செலவே உண்டு. பின்னதிற் பயிற்சி உண்டு. யான் பரிந்து பேசுவது பின்னதற்கே.

அக்குப்பிக்குள் இருப்பது யாது? பஞ்சை நைட்ரிக அமிலங்கொண்டு மாற்றிப் பெறும் நைட்ரோ செல்லுலோஸ் என்பதே அதன் அடிப்படைப் பொருள். 1846-ஆம் ஆண்டில் ஷோன்பைன் என்னும் இரசாயன அறிஞர் வெடிபஞ்சை உலகுக்கு அறிவித்தார். அதன் உறவினப் பொருளே இது. பழைய திரைப்படச் சுருள்களும் இதனாற் செய்யப்பட்டவையே. இதனை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் முதலிய விரைந்து ஆவியாகும் திரவங்களிற் கரைத்து, படலம் வெடிக்காதவாறு நெகிழ்வூட்டும் பொருளும், நகத்தைப் பற்றிக்கொள்ளப் பிசினும், நிறப்பொடியும் கூட்டுகின்றனர். திரவம் ஆவியாகிப் படலம் எஞ்சுவதையே நாம் உலர்தல் என்கின்றோம். 1932-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில் சார்ல்ஸ் ரெவ்சன், அவர் உடன்பிறந்த ஜோசப் ரெவ்சன், சார்ல்ஸ் லாக்மன் ஆகிய மூவர் ரெவ்லான் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒளி ஊடுருவும் சாயங்களுக்கு மாறாக ஒளி புகா நிறப்பொடிகளைக் கலந்து அவர் விற்ற பூச்சே அதன் முதற் சரக்கு. இன்று நாம் காணும் எண்ணிறந்த நிறங்களுக்கு வழி திறந்தவற்றுள் அஃது ஒன்று.

இவற்றைப் படித்தறிவது எளிது. விரலிற் கண்டறிவதே இனிது. முதல் நாள் யான் செய்த வேலை முற்றும் பிழையாயிற்று. ஒரே முறையிற் கனமாகப் பூசினால் நேரம் மிஞ்சும் என்று எண்ணினேன். மேற்புறம் விரைவில் ஆடைபோல் இறுகிற்று. உள்ளே அகப்பட்ட திரவம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாய் எழுந்தது. அரை மணி கழித்துத் தொட்டபொழுதும் விரல் ரேகை பதிந்தது. மறு நாள் மெல்லிய பூச்சாக மூன்று முறை இட்டு, ஒவ்வொன்றும் உலரும்வரை பொறுத்தேன். படலம் கண்ணாடிபோல் அமைந்தது. அடிப்பூச்சின்றி அடர்சிவப்பு இட்ட விரல், பூச்சை நீக்கிய பின்னும் மஞ்சள் பாரித்து நின்றது. அடிப்பூச்சு இட்ட விரலில் அவ்வாறு இல்லை. கெட்டிப்பட்ட ஒரு குப்பியில், பூச்சை நீக்கும் அசிட்டோனைச் சில துளி விட்டேன். அன்று இளகிற்று, பின்னர்ப் பயன்படாதொழிந்தது. இவையனைத்தும் என் குறிப்பேட்டில் உள்ளன. ஒன்றை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாற்றாது வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் பன்முறை கூறியதன் பொருள், இந்தப் பத்து நகங்களிலேதான் எனக்கு விளங்கிற்று என்றால் மிகையாகாது.

நிறத்தினும் வியப்பளிப்பது பூச்சின் ஒளி வகையே. சமமான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்புதலின் பளபளக்கின்றது. அதே பூச்சில் நுண்ணிய சிலிக்காப் பொடியைக் கலந்தால், பரப்பு கரடாகி ஒளியைப் பல திசையினும் சிதறச் செய்யும். பூச்சு வெல்வெட்டுத் துணிபோல் மங்கித் தோன்றும். முத்தொளிக்கு முற்காலத்தில் மீன் செதிளினின்று எடுத்த குவானின் என்னும் பொருள் பயன்பட்டது. இக்காலத்திற் பெரும்பாலும் பயன்படுவது காக்காப்பொன் என்று நாம் வழங்கும் அப்பிரகத் துகள். அதன்மேல் டைட்டேனியம் ஆக்சைடை மெல்லிய படலமாகப் படிவிப்பர். அப்படலத்தின் கனம் சிறிது மாறினால் பொன்னிறம் செந்நிறமாகும், செந்நிறம் நீலமாகும். சவர்க்காரக் குமிழியில் நிறங்கள் ஓடுவதும் இக்காரணம் பற்றியே. இரும்புத் துகள் கலந்த பூச்சு ஈரமாயிருக்கும்பொழுது காந்தத்தை அருகிற் காட்டினால், துகள்கள் ஒழுங்குபட்டுப் பூனைக் கண்போல் ஒரு கீற்று எழும். ஒளி நூலின் ஓர் அதிகாரம் முழுவதும் ஒரு கைக்குள் அடங்கிவிடுகின்றதன்றோ?

இன்னும் ஒன்று. குப்பியிற் கண்ட நிறம் விரலில் அவ்வாறே தோன்றுவதில்லை. அருகிலுள்ள தோலின் நிறம் அதனை மாற்றிக் காட்டும். உடலின் இயல்பான நிறம் என்னும் கருத்துப்படப் பெயரிட்டு விற்கப்பட்ட பூச்சுக்கள் நெடுங்காலம் வெளிறிய தோலையே கருதிச் செய்யப்பட்டவை. நம்மனோர் விரலில் அவை சுண்ணம் பூசியதுபோல் தனித்து நின்றன. நம் தோலுக்கு இயைந்தது மண் நிறமோ, செம்பு நிறமோ, கரும்பழுப்போ என்பதை விளம்பரம் கூறாது. தானே பூசிப் பார்த்தவளே அறிவாள். பிறர் வகுத்த அளவுகோலைத் தன்மேற் சார்த்தித் தன்னைக் குறைவாக எண்ணும் பெண்மக்கள் பலர் உளர். பிழை நம் விரலிலன்று, குப்பியிலே என்று கண்டுகொள்ளுதல் சிறு பயனன்று.

இதுகாறும் கூறியவற்றால், யான் எச்சோதனையையும் வரவேற்பவள் என்று கருதற்க. வீட்டிற் செய்யத் தகாத சோதனையும் ஒன்று உண்டு. அதனைக் கூறுதற்கே இக்கட்டுரையின் பெரும்பகுதியும் முன்னுரையாயிற்று எனினும் பொருந்தும். புற ஊதாக் கதிர் விளக்கின்கீழ் இறுகும் ஜெல் பூச்சு என்பது, கருவிகளோடு பெட்டியாகக் கட்டப்பட்டு எளிய விலைக்கு வீடு தேடி வருகின்றது. பெயர் ஒன்றாயினும் இதன் இயல்பு வேறு. இது திரவம் ஆவியாதலால் உலர்வதன்று. மெத்தாக்ரிலேட்டு முதலிய சிறு மூலக்கூறுகள் கதிர் பட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளுதலால் இறுகுவது. கோவாது எஞ்சிய மூலக்கூறுகள் தோலிற் பட்டால், உடல் அவற்றைப் பகையென்று கொள்ளக்கூடும். அங்ஙனம் கொண்ட ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்குவதில்லை.

என் தமக்கை அத்தகைய பெட்டியொன்றை வாங்கி, மூன்று திங்கள் தானே பூசி வந்தார். நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் பூச்சு வழிந்தது. விளக்கும் குறித்த நேரம் காட்டப்படவில்லை. நான்காம் திங்களில் விரல் நுனிகள் சிவந்து, அரித்து, தோல் வெடித்தது. ஒரு நகம் அடியினின்று பெயர்ந்தது. மருத்துவர் தந்த களிம்பால் புண் ஆறிற்று. ஆயினும் பல்லில் நிரப்பும் பசைகளிலும், எலும்பைப் பொருத்தும் பசையிலும் இவ்வினப் பொருள்கள் உண்டாதலின், இனி எம்மருத்துவரிடம் சென்றாலும் இவ்வொவ்வாமையை முதலிற் கூறவேண்டும் என்று அவர் எச்சரித்தார். ஒரு மாலைப் பொழுதின் விளையாட்டுக்கு ஆயுட்காலம் முழுதும் கணக்கொப்புவிக்க நேர்ந்தது.

இஃது என் தமக்கைக்கு மட்டும் உற்றதன்று. 2018-ஆம் ஆண்டிலேயே பிரிட்டானியத் தோல் மருத்துவர் சங்கம் இவ்வொவ்வாமை பரவுவதைக் குறித்து எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ஆம் ஆண்டில் இயற்றிய விதியால், ஹெமா என்னும் மெத்தாக்ரிலேட்டு கலந்த நகப்பூச்சு தொழில் பயின்றோர் கையாளுதற்கு மட்டுமே உரியதாயிற்று. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என வகுக்கப்பட்ட டி.பி.ஓ. என்னும் ஜெல் பொருளை 2025 செப்டம்பர் முதல் நாளிலிருந்து அவ்வொன்றியம் முற்றும் விலக்கிவிட்டது. விதி எந்நாட்டில் எவ்வாறாயினும், தோல் எந்நாட்டிலும் ஒன்றே. ஆதலின், சாதாரணப் பூச்சை வீட்டில் விரும்பியவாறு பயின்று பார்க்கலாம். விளக்கால் இறுகும் பூச்சை வீட்டிற் செய்தல் தகாது என்பதே என் துணிபு.

சாதாரணப் பூச்சிலும் காவல் வேண்டும். இதன் ஆவி எளிதிற் பற்றிக்கொள்வது. அடுப்பங்கரையிலும், விளக்கருகிலும், கொசுவர்த்திச் சுருளின் பக்கத்திலும் குப்பியைத் திறத்தல் கூடாது. சாளரத்தைத் திறந்துவைத்தே பூசுக. உறையில் அச்சிட்ட பொருட்பெயர்களைப் படித்த பின்னரே வாங்குக. மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குச் செல்வோர் பூச்சை நீக்கிச் செல்லுதல் நன்று. விரலிற் பொருத்தி இரத்தத்தின் உயிர்வாயு அளவைக் காட்டும் கருவியைச் சில நிறங்கள் பிழைபடச் செய்யக்கூடும். மேலும், நகத்தின் வெளிறலும் நீலமும் மருத்துவருக்கு நோயுரைக்கும் மொழியாம். அதனை மறைத்தல் ஆகாது.

என் அத்தைக்கு விடை இதுவே. கல்லூரிக்கு என்னை அனுப்பியது இதற்காக அன்று. ஆயினும் கல்லூரியிற் கற்றது இதற்கும் பயன்பட்டது. கண்ணாற் கண்டு, கையாற் செய்து, பிழையைக் குறித்து, எல்லையை அறிந்து நிற்பதே கல்வியாயின், அக்கல்வி ஆய்வுக்கூடத்திற்கு உள்ளே மட்டும் நிகழ்வதன்று. விடுமுறை முடிவதற்கு முன் இவற்றையெல்லாம் அவருக்கு ஒருவாறு விளக்கிக் கூறினேன். பொறுமையாய்க் கேட்டிருந்தவர், "அந்தச் செம்பு நிறம் எனக்கு ஒக்குமோ?" என்று சுண்டுவிரலை மட்டும் நீட்டினார். ஒக்கும் என்று யான் கூறவில்லை. பூசிப் பார்ப்போம் என்றேன்.

தோழியரே, விரும்பினோர் பூசுக, விரும்பாதோர் விடுக. பூசுவோரைப் பேதையர் என்றும், பூசாதாரைப் பழமையர் என்றும் இகழ்தல் நமக்கு வேண்டா. ஆனால் எதனைப் பூசுகின்றோம் என்று அறியாது மட்டும் பூசற்க.