இல்லாத கையின் வலியும் வாசலில் நின்ற பிள்ளைகளும்

கோவை கரும்புக்கடையில் நம் உறவினர் இல்லம் ஒன்றில் நிகழ்ந்தது இது. 78 வயதான நன்னி, மக்ரிப் தொழுதுவிட்டு முஸல்லாவில் அமர்ந்தபடியே, "வாசல்ல ரெண்டு புள்ளைங்க பச்சப் பட்டு உடுத்தி நிக்குதுங்க, உள்ள வரச் சொல்லுங்க" என்றார். வாசலில் எவரும் இல்லை. மறுநாளும் அதே வேளையில் அப்பிள்ளைகள் வந்தனர். நான்காம் நாள், தலைப்பாகை அணிந்த, முழங்கால் உயரமே உள்ள மனிதர் ஒருவரும் அவர்களுடன் நின்றார். வீட்டை அச்சம் பற்றிக்கொண்டது. மருமகள் தம் குழந்தைகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாலக்காட்டுப் பக்கம் தாயத்து எழுதித் தருபவர் ஒருவரின் முகவரியை யாரோ கொண்டுவந்தனர். இது ஜின்னின் வேலை என்றார் ஒருவர். மூளை கலங்கிவிட்டது என்றார் மற்றொருவர். கவனத்தை ஈர்க்கப் புனைந்து சொல்கிறார் என்று மெல்லிய குரலில் சொன்னவரும் உண்டு. இந்த மூன்றாவது சொல்தான் நன்னியின் காதில் விழுந்தது. அன்றிரவு அவர் உணவருந்தவில்லை.

ஓதிப் பார்ப்பதற்காக அழைக்கப்பட்ட ஹஜ்ரத்தை இங்கே நன்றியுடன் நினைவுகூர வேண்டும். அவர் அல்ஹம்து சூராவை ஓதி முடித்து, நன்னியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவர்கள் ஏதாவது பேசுகிறார்களா?" இல்லை என்றார் நன்னி. "கண் எப்படி இருக்கிறது?" என்று மகனிடம் கேட்டார். இருபதாண்டுச் சர்க்கரை நோயால் விழித்திரை பழுதாகியிருந்தது. "துஆ செய்கிறேன், நாளைக் காலையில் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

மருத்துவர் வியப்படையவில்லை. பார்வை மங்கியவர்களுக்கு இவ்வாறு உருவங்கள் தோன்றுவது உண்டு. சுவிட்சர்லாந்தின் இயற்கை அறிஞர் சார்லஸ் போனே 1760ஆம் ஆண்டிலேயே தம் பாட்டனார் கண்ட காட்சிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் பெயரிலேயே இந்நிலை வழங்குகிறது. அழகிய உடையணிந்த மனிதர்கள், குழந்தைகள், முகங்கள், குள்ள உருவங்கள் ஆகியவை தோன்றும். ஆனால் அவை பேசா. காண்பவரின் அறிவும் நினைவும் தெளிவாகவே இருக்கும். இது பைத்தியமன்று, பொய்யுமன்று.

ஜின்கள் உண்டு என்பது நம் நம்பிக்கை. திருக்குர்ஆனில் அவர்களின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எனினும் ஜின்கள் உண்டு என்பதும், நம் நன்னியின் வாசலில் நின்றது ஜின்தான் என்பதும் ஒன்றாகா. முன்னது ஈமான், பின்னது வெறும் ஊகம். ஊகத்தைப் பெரிதும் தவிர்க்குமாறு ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அதை அண்டை வீட்டாரைப் பற்றிப் புறம்பேசும்போது மட்டும் நினைவுகூர்கிறோம். நம் வீட்டு முதியவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் இல்லாத பிள்ளைகள் எங்கிருந்து வந்தனர்? இதற்கு விடை காண, நாம் 'காண்பது' என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் அறிய வேண்டும். கண் ஒரு சாளரம் என்றும், வெளியே இருப்பது அப்படியே உள்ளே வந்து விழுகிறது என்றும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை வேறு. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு இடத்தைத்தான் நம் கண் முழுத் தெளிவுடன் காண்கிறது, எஞ்சியவை மங்கலே. விழி நொடிக்கு மூன்று முறை அளவில் தாவித் தாவி, துண்டு துண்டாகச் செய்தி சேகரிக்கிறது. பார்வை நரம்பு விழியை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணரும் செல்களே இல்லை. ஆயினும் நம்முன் கருந்துளை எதுவும் தெரிவதில்லை. சுற்றியுள்ளவற்றைக் கொண்டு மூளையே அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. கண்ணிலிருந்து வரும் செய்தி அறவே குறைந்துபோனால், நிரப்பிப் பழகிய மூளை சும்மா இருப்பதில்லை. தன் களஞ்சியத்திலிருந்து எடுத்து வரையத் தொடங்கிவிடுகிறது. நன்னியின் வாசலில் நின்ற பச்சைப் பட்டு, எழுபதாண்டுகளுக்கு முந்திய ஏதோ ஒரு பெருநாளின் பட்டாகவும் இருக்கக்கூடும்.

இச்செய்தி நமக்குப் புதியதாகத் தோன்றலாம். நம் முன்னோருக்கு முற்றிலும் புதியதன்று. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில், ஒளி கண்ணில் படுவதுடன் பார்வை முடிந்துவிடுவதில்லை என்றும், அறிவு மிக விரைவாக ஒப்பிட்டும் அனுமானித்துமே பொருளை அறிகிறது என்றும் விளக்கினார். அனுமானம் நடப்பதே நமக்குத் தெரியாத அளவுக்கு அது விரைவானது என்பதையும் அவர் கண்டிருந்தார்.

பழைய வரலாற்று நூல்களில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. பிறை பார்க்கச் சென்ற கூட்டத்தில், நூறு வயதை நெருங்கிய நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) இருந்தார்கள். பிறை தெரிகிறது என்று அவர்கள் சுட்டிக் காட்டினார்கள். வேறு எவருக்கும் தெரியவில்லை. உடனிருந்த இயாஸ் இப்னு முஆவியா, பிற்காலத்தில் பஸராவின் காழியானவர், அப்பெரியவரின் புருவத்திலிருந்து ஒரு வெண்முடி வளைந்து கண்ணின் முன் நிற்பதைக் கண்டார். அதை மெல்லத் தடவி ஒதுக்கிவிட்டு, இப்போது பிறை எங்கே என்று கேட்டார். தெரியவில்லை என்றார்கள் அனஸ் (ரலி). இயாஸ் அவர்களை மறுத்துப் பேசவில்லை, நகைக்கவும் இல்லை. பிறை விஷயத்தில் ஆண்டுதோறும் ஒரே தெருவில் இரண்டு பெருநாள் கொண்டாடும் நமக்கு, அந்தப் புருவ முடியை ஒதுக்கிய பணிவு வாய்க்கவில்லை என்பது வேறு கதை.

வெளியுலகம் மட்டுமன்று, 'என் உடல்' என்னும் உணர்வும் இவ்வாறே மூளையில் உருவாகிறது. கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும் உள்ள பட்டறைகளில் பிரஸ் மெஷினுக்கு விரல்களைக் கொடுத்தவர்களை நாம் அறிவோம். சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களும் நம் மஹல்லாக்களில் அரியவர் அல்லர். அவர்களுள் பலர், போன விரல் அரிக்கிறது, இல்லாத கால் வலிக்கிறது என்பர். முன்னொரு முறை, பட்டறை விபத்தில் வலக்கையை இழந்த ஒருவர், அந்தக் கை இறுக மூடிக்கிடப்பதாகவும் நகங்கள் உள்ளங்கையில் பதிவதாகவும் சொன்னபோது, நாம் ஆறுதலாகத் தலையசைத்துவிட்டு, வெளியே வந்து இழப்பீட்டுத் தொகைக்காகச் சொல்கிறாரோ என்று பேசிக்கொண்டோம். அதை இப்போது எண்ணினாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதை உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் நம் தமிழகத்தவரே. 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வி. எஸ். ராமச்சந்திரன். மூளையில் உடலின் வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் கைக்கு உரிய இடத்தை அடுத்து முகத்துக்கு உரிய இடம் அமைந்துள்ளது. கையிழந்த ஓர் இளைஞரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் அவர் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களில் தொடுவதாக அந்த இளைஞர் உணர்ந்தார். கை போய்விட்டது, வரைபடம் போகவில்லை.

அவர் கண்ட மருத்துவம் நம் வீட்டுத் தச்சரே செய்து தரக்கூடியது. ஒரு பெட்டி, நடுவே நிறுத்திய ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். நல்ல கையைக் கண்ணாடியின் முன் வைத்தால், அதன் பிம்பம் இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை விரிக்கும்போது, இறுகிக்கிடந்த இல்லாத கையும் விரிவதாகச் சிலருக்குத் தோன்றியது, வலியும் தணிந்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனால் முயன்று பார்க்கச் செலவேதும் இல்லை. மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டாலே போதும்.

இவற்றைப் படிக்கும் நம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஒரு கேள்வியுடன் வருகின்றனர்: கையையும் காட்சியையும் மூளையே படைக்கிறது என்றால், 'நான்' என்பதும் அதன் புனைவுதானே, ரூஹுக்கு இடமேது? இக்கேள்வியைக் கேட்டதற்காக எவரையும் அதட்டுவது தவறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இதைவிடக் கடுமையான ஐயத்தில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் தவித்தார்கள். அசையாது நிற்பதாகத் தோன்றும் நிழல் நகர்வதையும், நாணய அளவே தெரியும் விண்மீன் பூமியினும் பெரிதாக இருப்பதையும் எண்ணி, புலன்களை எவ்வாறு நம்புவது என்று அவர்கள் தம் தன்வரலாற்று நூலில் எழுதினார்கள். கனவில் உறுதியாக நம்பியது விழித்ததும் பொய்யாவதுபோல, இவ்விழிப்பும் ஒரு கனவாக இருந்தால் என்னாவது என்றும் வினவினார்கள். வாதத்தால் அன்று, அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஒளியாலேயே மீண்டதாகச் சொன்னார்கள். நம் கருத்து இதுதான்: வரைபடம் எப்படி வரையப்படுகிறது என்பதை மூளை அறிவியல் சொல்கிறது. ரூஹ் என்பது இறைவனின் கட்டளையைச் சார்ந்தது, அதுபற்றி நமக்கு அளிக்கப்பட்ட அறிவு சிறிதே என்று குர்ஆன் நிறுத்திக்கொள்கிறது. நிறுத்திய இடத்தில் நிற்பதில் நமக்கு இழப்பேதும் இல்லை. ஆனால் அறியத் தந்ததையும் அறியாமல் இருப்பதற்கு அந்த வசனத்தைச் சாக்காகக் காட்டுவது நேர்மையன்று.

அவ்வாறு இருந்ததன் விலையை நம் சமுதாயம் ஒருமுறை கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. நமக்குக் கேளாத குரல்களைக் கேட்டவர்களும், நமக்குத் தெரியாதவற்றைக் கண்டவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். பித்தம் தெளியும்வரை அவர்கள்மீது குற்றம் எழுதப்படாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்த மார்க்கம் நம்முடையது. கெய்ரோவில் 1284இல் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பிரிவு அமைத்த மரபும் நம்முடையதே. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஏர்வாடியிலேயே 'தவா துஆ' என்னும் பெயரில் மருந்தையும் பிரார்த்தனையையும் இணைக்கும் அரசுத் திட்டமும் வந்தது. கொங்குப் பகுதியிலிருந்து நோயாளியை வேனில் ஏற்றித் தர்காக்களுக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. செல்பவர்களைத் தடுப்பது நம் நோக்கமன்று. புறப்படுமுன் கோவை அரசு மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டட்டும். குரல்கள் கேட்பதும், நினைவு குழம்புவதும், உற்றவரையே அடையாளம் மறப்பதும் இருந்தால் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

நன்னியின் வீட்டு வாசலில் இப்போது பெரிய விளக்கொன்று போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வரும்போது விழிகளை வலமும் இடமுமாக அசைக்குமாறு மருத்துவர் சொல்லியிருக்கிறார், பெரும்பாலும் மறைந்துவிடுகின்றனர். பேரக்குழந்தைகள் திரும்பி வந்துவிட்டனர். "இன்னைக்கு வந்தாங்களா நன்னி?" என்று அவர்கள் கேட்க, வந்தார்கள் என்றால் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்பதையும் நன்னி சொல்கிறார். தலைப்பாகைக்காரர் மட்டும் பெருநாளுக்குப் பின் வரவில்லையாம்.