ஆரஞ்சு ஒளியை மாற்றும் முன்

பின்பால் இயந்திரத்தின் பிளாஸ்மா திரை ஒரே நாளில் அணைந்துவிடுவதில்லை. முதலில் ஓரத்து வரிசைகள் மங்கும். பிறகு நடுவில் ஒரு புள்ளி எரியாது. கொஞ்ச நாளில் ஒரு முழுக் கோடே காணாமல் போகும். கண்ணாடிக்குள் அடைபட்ட நியான் கெட்டுப்போகப் போக, அதை எரிய வைப்பதற்காகப் பின்னால் இருக்கும் போர்டு மேலும் மேலும் திணறுகிறது. ரெசிஸ்டர் கருகி, டிரான்சிஸ்டர் போய், இயந்திரம் நம் மேசைக்கு வரும்போது உரிமையாளர் சொல்வது ஒன்றுதான்: "எல்இடி போட்டுக் கொடுத்துவிடுங்கள்."

போட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். பிளாஸ்மாவைப் பிளாஸ்மாவால்தான் மாற்ற வேண்டும் என்று வாதிடுவோர் கட்சியில் நான் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் எந்த எல்இடி, எந்த நிறம், அதன் முன்னால் என்ன தகடு என்ற மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. முதல் கேள்விக்கு விலைப்பட்டியலைப் பார்த்து விடை சொல்லிவிடுகிறோம். மற்ற இரண்டையும் நம்மில் பலர் கேட்பதே இல்லை. இந்த இதழில் அவற்றைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன், குறிப்பாக அந்த முன்தகட்டைப் பற்றி.

முதலில், நாம் எதை மாற்றுகிறோம் என்று பார்ப்போம். 1991இல் டேட்டா ஈஸ்ட் நிறுவனத்தின் செக்பாயிண்ட் இயந்திரம், 128க்கு 16 புள்ளிகள் கொண்ட பாதி உயரத் திரையோடு வந்தது. அதே ஆண்டில் பாலியின் கில்லிகன்ஸ் ஐலண்ட், வில்லியம்ஸின் டெர்மினேட்டர் 2 ஆகியவை 128க்கு 32 என்ற அளவைக் கொண்டுவந்தன. அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அந்த அளவே வழக்கமாக இருந்தது. அந்த அளவுத் திரை கொண்ட இயந்திரங்களில் 1992இன் ஆடம்ஸ் ஃபேமிலி ஒன்று மட்டும் 20,000க்கும் மேல் விற்றது. அந்தத் திரையில் மொத்தம் 4,096 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் இடையே பத்தில் ஒரு அங்குலம். சிகாகோவில் அந்தப் படங்களை வரைந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரே நிறம். அதிலும் வில்லியம்ஸ் போர்டுகளில் இருட்டையும் சேர்த்து நான்கே அடர்த்திகள். இந்தச் சிறிய இடத்துக்குள்தான் கோட்டையை இடித்தார்கள், வேற்றுக்கிரகத்தாரை ஆட வைத்தார்கள். புகைக்கு எந்த அடர்த்தி, நெருப்புக்கு எந்த அடர்த்தி என்று ஒவ்வொரு புள்ளியையும் எண்ணி வைத்தவர்கள் அவர்கள்.

அந்த நான்கு அடர்த்தியும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக் கிடைப்பதல்ல. ஒரு புள்ளி எவ்வளவு நேரம் எரிகிறது என்பதுதான் கணக்கு. ஒரு படத்தையே சில துணைப்படங்களாகப் பிரித்து விரைவாக மாற்றி மாற்றி அனுப்புகிறது போர்டு. எல்லாத் துணைப்படத்திலும் எரியும் புள்ளி பளிச்சென்றும், ஒன்றில் மட்டும் எரிவது மங்கலாகவும் நம் கண்ணுக்குப் படுகிறது. மலிவான சில எல்இடி திரைகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. நடு அடர்த்தியும் உச்ச அடர்த்தியும் ஒன்றாகிப் புகை, நெருப்பு, முகம் எல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரியும். புதிய திரையைப் பொருத்தியதும் மதிப்பெண் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். விளையாட்டு தானாக ஓட்டும் காட்சிப் படங்களை ஒரு சுற்று முழுவதும் நின்று பாருங்கள். நான்கு படியும் தனித்தனியாகத் தெரியவில்லை என்றால் அந்தத் திரையைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்போது நிறம். நியான் ஒரே நிறத்தில் ஒளிர்வதில்லை. 585 நானோமீட்டரில் மஞ்சளாகத் தொடங்கி 640ஐத் தாண்டி ஆழ்ந்த சிவப்பு வரை பல கோடுகளாக அதன் ஒளி சிதறுகிறது. அவை கலந்துதான் நாம் அறிந்த அந்தச் செவ்வாரஞ்சு. எல்இடி அப்படியல்ல. ஆம்பர் எல்இடி 590க்கு அருகே ஒரு குறுகிய பட்டையில் நிற்கும். ஆரஞ்சு 605 அளவில், சிவப்பு 625 அளவில். ஆகவே ஆம்பர் திரையைப் போட்டுவிட்டு, கொஞ்சம் மஞ்சளடிக்கிறதே, முன்னால் ஒரு சிவப்புத் தகடு வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது வீண். வடிகட்டி நிறத்தைச் சேர்ப்பதில்லை. வருவதில் சிலவற்றைத் தடுக்க மட்டுமே அதற்குத் தெரியும். 590இல் மட்டும் ஒளி வரும் இடத்தில் சிவப்புத் தகடு வைத்தால் சிவப்பு கிடைக்காது, இருட்டுதான் கிடைக்கும்.

இதை நான் பட்டறிந்துதான் தெரிந்துகொண்டேன். வெகு காலம் முன்பு ஒரு வாடிக்கையாளருக்காக வெள்ளை எல்இடி திரையை வாங்கி, முன்னால் அடர்சிவப்பு அக்ரிலிக் தகடு ஒன்றை வெட்டிப் பொருத்தினேன். மேசையில் விளக்கை அணைத்துப் பார்த்தபோது அழகாக இருந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை எல்இடி என்பது நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அதில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. இருந்த ஒளியில் பெரும்பகுதியை என் தகடு விழுங்கிவிட்டது. ஈடுகட்ட வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். மங்கலான இரண்டு அடர்த்தியும் மேலேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடைசியில் தகட்டையும் திரையையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அந்தச் சிவப்புத் தகடு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அப்படியானால் வடிகட்டி எதற்கு? நிறத்துக்காக அல்ல, கருமைக்காக. இதுதான் நம் தொழிலில் சரியாகப் புரிந்துகொள்ளப்படாத விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. திரை தெளிவாகத் தெரிவது எரியும் புள்ளியால் மட்டுமல்ல. எரியாத புள்ளி எவ்வளவு கருப்பாக இருக்கிறது என்பதாலும்தான். எல்இடி திரையின் முகத்தில் விளக்குத் தலைகளும் அவற்றின் வெளிறிய உறைகளும் அறையின் ஒளியை வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. முன்னால் பாதி ஒளியை மட்டும் விடும் சாம்பல் தகடு ஒன்றை வையுங்கள். திரையின் சொந்த ஒளி ஒருமுறைதான் அதைக் கடக்கிறது. நூறில் ஐம்பது வெளியே வரும். அறையின் ஒளியோ உள்ளே போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என இருமுறை கடக்க வேண்டும். நூறில் இருபத்தைந்துதான் மிஞ்சும். வெளிச்சம் பாதியானாலும் தெளிவு இரட்டிப்பாகிறது. முப்பது விழுக்காடு விடும் தகடு என்றால் முப்பதுக்கு ஒன்பது, அதாவது தெளிவு மூன்று மடங்குக்கு மேல். எல்இடியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அதில் கொஞ்சத்தைக் கொடுத்துக் கருமையை வாங்கலாம்.

எல்இடியின் நிறமும் தகட்டின் நிறமும் ஒன்றாக இருந்தால் லாபம் இன்னும் கூடும். சிவப்பு எல்இடி முன் சிவப்புத் தகடு வைத்தால் அதன் சொந்த ஒளி ஏறக்குறைய முழுதும் வெளியே வருகிறது. அறை ஒளியின் நீலமும் பச்சையும் உள்ளே நுழையும்போதே செத்துப்போகின்றன. 1970களின் சிவப்பு எல்இடி கால்குலேட்டர்கள் சிவப்புச் சாளரத்தோடு வந்ததற்குக் காரணம் இதுதான். ஆகவே ஒற்றை நிறத் திரைக்கு அதே நிறத் தகடு. நியானுக்கு மிக நெருங்கிய தோற்றம் வேண்டும் என்றால் ஆரஞ்சு எல்இடியும் ஆரஞ்சுத் தகடும்தான் என் பரிந்துரை. வெள்ளை எல்இடி மீது ஆரஞ்சுத் தகடு வைப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. பாஸ்பரின் ஒளி அகலமாகப் பரவியிருப்பதால் வடித்தெடுத்த ஆரஞ்சு ஒற்றைப் பட்டையாக இல்லாமல் சற்றுச் செழிப்பாக இருக்கும். ஆனால் கிடைக்கும் வெளிச்சம் குறைவு. இருண்ட அறையில் வைக்கும் இயந்திரத்துக்கு மட்டும் அதை ஒப்புக்கொள்வேன்.

1990களின் தொடக்கத்தில் இந்தத் தேர்வுகளே இல்லை. நீல எல்இடி பிரகாசமாக எரியத் தொடங்கியதே 1990களில்தான். அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை, முழு வண்ணத் திரையும் இல்லை. டெர்மினேட்டர் 2 வடிவமைக்கப்பட்ட நாளில் நியான் சிறந்தது என்பதால் மட்டும் நியானைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

முழு வண்ணத் திரை என்றால் வடிகட்டி விதி தலைகீழாகும். அங்கே ஆரஞ்சு என்பது 625 அளவிலான சிவப்பும் 525 அளவிலான பச்சையும் சேர்ந்து நம் கண்ணில் உருவாகும் தோற்றம். அதன் முன்னால் ஆரஞ்சுத் தகடு வைத்தால் பச்சையைத் தகடு தின்றுவிடும். படம் செக்கச்செவேலென்று மாறும். இத்தகைய திரைகளுக்குச் சாம்பல் தகடு மட்டுமே. வேறெந்த நிறத்தையும் அருகில் கொண்டுவராதீர்கள்.

காட்லீப் நிறுவனத்தின் பழைய சிஸ்டம் 1, சிஸ்டம் 80 இயந்திரங்கள் தனி ரகம். அவற்றில் இருப்பது நியான் அல்ல, வெற்றிடக் குழாய்க்குள் பாஸ்பர் ஒளிரும் நீலப்பச்சைத் திரை. அந்த ஒளி அகலமானது. பச்சைத் தகடு வைத்தால் பச்சை, நீலத் தகடு வைத்தால் நீலம். உள்ளே எதையும் தொடாமல் வெறும் தகட்டை மாற்றியே நிறத்தை மாற்றக்கூடிய வசதி அதில் உண்டு. குழாய்களும் இன்னும் நன்றாக எரிந்துகொண்டிருந்தால் அவற்றைக் கழற்ற நமக்கு என்ன அவசரம்?

தகட்டின் மேற்பரப்பையும் மறக்கக் கூடாது. பளபளக்கும் அக்ரிலிக் தன் முகத்திலேயே நூறில் நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். உள்ளே எவ்வளவு கருமை இருந்தாலும் பின்னால் இருக்கும் ஜன்னல் அதில் தெரியும். லேசாகச் சொரசொரப்பான முகம் உள்ள தகட்டைத் திரையோடு ஒட்டினாற்போல் வைத்தால் இது தீரும். இடைவெளி விட்டால் புள்ளிகள் கலங்கும். நாடக மேடை விளக்குகளுக்குப் போடும் வண்ணத் தாள் மலிவு. நிறத்தை முடிவு செய்ய, சோதனைக்கு, அதைவிட நல்லது இல்லை. ஆனால் தாள் நெளியும், நாளாக வெளுக்கும். முடிவான வேலைக்குத் தகடே வேண்டும்.

வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. பேக்பாக்ஸில் இருக்கும் திரை, ஆடுகளத்தின் மேல் சாய்ந்து கிடக்கும் கண்ணாடியில் பிரதிபலிக்கிறது. பிளாஸ்மாவின் மென்மையான ஒளிக்குப் பழகிய இயந்திரத்தில் கண்ணைக் கூச வைக்கும் எல்இடியை வைத்தால், பந்து மேல் பாதிக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பிரதிபலிப்புக்குள் மறையும். விளையாடுபவர் காரணம் தெரியாமல் தோற்பார். வேலை முடிந்ததும் ஐந்து ஆட்டமாவது நீங்களே ஆடிப் பாருங்கள். இதை உட்கார்ந்த இடத்தில் இருந்து கண்டுபிடிக்க முடியாது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. வில்லியம்ஸ் டபிள்யூபிசி இயந்திரங்களில் பிளாஸ்மாவுக்குப் போவது கூட்டல் 62, கழித்தல் 113, கழித்தல் 125 வோல்ட். இரு முனைகளுக்கு இடையே 187 வோல்ட். இயந்திரத்தை அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். மீட்டரை வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். எல்இடிக்கு இந்த மின்னழுத்தம் எதுவும் தேவையில்லை. ஆகவே போர்டில் F601, F602 ஃபியூஸ்களைக் கழற்றிவிடுவது சரியான வழக்கம். போர்டு குளிர்ச்சியாக இருக்கும், இனி வேகாது. முழு வண்ணத் திரைகளுக்காகப் பலர் பயன்படுத்தும் 2.5 மில்லிமீட்டர் இடைவெளிப் பேனல்கள் இரண்டைச் சேர்த்தால் 320 மில்லிமீட்டர் அகலம் வரும். பழைய திரையின் 325க்கு அது கிட்டத்தட்டப் பொருந்திவிடுவது நமக்கு அதிர்ஷ்டம். ஆனால் முழு வெள்ளையில் அவை 5 வோல்ட்டில் பல ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமையை இயந்திரத்தின் பழைய பவர் சப்ளையின் தலையில் ஏற்றாமல் தனி சப்ளை கொடுங்கள்.

பழைய ஒற்றை நிறப் படங்களுக்குப் பின்னாளில் வண்ணம் தீட்டித் தரும் திரைகளைப் பற்றி என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். அவற்றில் சில மிகுந்த உழைப்போடும் அன்போடும் செய்யப்பட்டவை; காட்சி காட்சியாக உட்கார்ந்து நிறம் கொடுத்திருக்கிறார்கள். அதை மதிக்கிறேன். ஆனால் அது பழுதுபார்ப்பு அல்ல, புதிய ஓவியம். புள்ளிகளைக் கரைத்து வழவழப்பாக்கும் அமைப்பை நான் ஏற்கவில்லை. அந்தப் படங்கள் புள்ளிக்காகவே வரையப்பட்டவை. புள்ளிகளுக்கு இடையே இருக்கும் இருட்டும் வரைந்தவரின் கணக்கில் சேர்ந்தது. உரிமையாளர் வண்ணம் கேட்டால் பொருத்திக் கொடுங்கள். அதற்கு முன் ஒருமுறை, ஒற்றை ஆரஞ்சில், நல்ல தகட்டின் பின்னால், அதே காட்சியை அவருக்கு ஓட்டிக் காட்டுங்கள். மங்கிப்போன பிளாஸ்மாவை மட்டுமே பார்த்துப் பழகியவர், தன் இயந்திரம் முதல் நாளில் எப்படி இருந்தது என்று அறியாமலேயே வண்ணம் கேட்கிறார். காட்டிய பிறகு மனம் மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இதழின் வாசகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். எந்தத் திரை பொருத்தினாலும் துளை போடாதீர்கள், கம்பியை வெட்டாதீர்கள். இருக்கும் திருகு துளைகளிலும் இருக்கும் கனெக்டர்களிலும் வேலையை முடியுங்கள். கழற்றிய பிளாஸ்மா கண்ணாடியை, பாதி செத்திருந்தாலும், நுரைத்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்து உரிமையாளரிடமே கொடுங்கள். கழற்றிய இரண்டு ஃபியூஸ்களையும் ஒரு சிறு உறையில் போட்டு பேக்பாக்ஸுக்குள் ஒட்டுங்கள். உறையின் மேல் என்ன மாற்றினீர்கள், என்ன தகடு வைத்தீர்கள், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். அடுத்து அந்தக் கதவைத் திறப்பவருக்கு அது தேவைப்படும்.