வீட்டுக்கும் ஒரு திருப்பணி

திருக்கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது வழிவழி வந்த மரபு. விமானத்தில் முளைத்த ஆலஞ்செடியைக் களைவது, சுதையைச் சீர்செய்வது, தளத்தின் வெடிப்பை அடைப்பது, மூலவரின் பீடத்தில் அஷ்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்துவது என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு அப்படிக் கணக்கு வைப்பவர் அரியர். கூரை சொட்டத் தொடங்கிய பின்னரே வீட்டின் வயது நினைவுக்கு வருகிறது.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, இராயபுரம் பகுதிகளில் அத்தகைய வீடுகள் ஏராளம். 1856-இல் இராயபுரத்தில் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் துறைமுகமும் இரயில்வேயும் ஆலைகளும் தந்த ஊதியத்தில் தலைமுறை தலைமுறையாக எழுந்த வீடுகள் அவை. முன்புறம் திண்ணை, நடுவில் கூடம், பின்கட்டில் கிணறு. மகன் திருமணத்துக்கு மாடியில் ஓர் அறை, பேரன் பிறந்தபின் அதன்மேல் ஒரு தகரக் கொட்டகை. முன்யோசனையோடு எழுந்தவை அல்ல இந்தச் சேர்க்கைகள்; தேவை வந்தபோது வந்தவை.

இன்று அவ்வீடுகளில் இருவகைக் குரல்கள் ஒலிக்கின்றன. “இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம்” என்பது பிள்ளைகளின் குரல். “எங்கள் காலம் வரை சுண்ணாம்பு அடித்தால் போதும்” என்பது பெற்றோரின் குரல். முன்னது வீட்டில் எஞ்சியிருக்கும் வலிமையைப் பார்க்கவில்லை. பின்னது சுவருக்குள் மறைந்திருக்கும் நோயைப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. கோயில் மரபில் அதன் பெயர் ஜீர்ணோத்தாரணம். பழுதானதை மட்டும் நீக்கி, நல்லதை நிலைநிறுத்துவது.

மனத்தில் எழுந்த கோயில்

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரின் வரலாறு அடியார்கள் அறிந்ததே. ஈசனுக்குக் கோயில் எடுக்க விரும்பினார், பொருள் கிடைக்கவில்லை. ஆதலால் மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். வேண்டிய பொருளையும் தச்சரையும் மனத்திலேயே சேர்த்தார்; நல்ல நாள் பார்த்தார்; அடிநிலையிலிருந்து ஒவ்வொன்றாக எழுப்பினார். சிகரமும் தூபியும் சுதைவேலையும் முடித்து, கிணறும் திருமதிலும் குளமும் வரை எதையும் விடாமல் நினைந்தார். இரவிலும் உறங்கவில்லை. காஞ்சியில் கற்கோயில் எடுத்த மன்னன் குறித்த அதே நாளில் பூசலாரின் கோயிலுக்குத்தான் இறைவன் எழுந்தருளினான்.

பக்தியின் பெருமையைச் சொல்லும் இவ்வரலாற்றில் இல்லறத்தாருக்கு மற்றொரு பாடமும் உண்டு. முழுமையாக நினைத்து முடிக்காததைக் கையால் தொடங்கலாகாது. இன்று குளியலறையை உடைத்து, ஆறு மாதம் கழித்துச் சமையலறையை உடைத்து, அடுத்த ஆண்டு மின்கம்பிக்காகப் புதுப்பூச்சையே கொத்துவது வீண்செலவு. முழு வீட்டையும் ஒருமுறை தாளில் வரைந்து, எந்த வேலைக்குப் பின் எது என்று எழுதிய பிறகு முதல் செங்கல்லை எடுப்பதே முறை. பணம் முழுவதும் கையில் இல்லையெனில் வேலையைப் பகுதி பகுதியாகச் செய்யலாம். திட்டம் மட்டும் ஒன்றாக இருக்கவேண்டும்.

முதலில் நீர், கடைசியில் நிறம்

வடசென்னையில் பழைய வீட்டின் முதற்பகை தண்ணீர். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தாழ்ந்த நிலம் இது. 2015 பெருமழையையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் இப்பகுதியினர் எளிதில் மறக்கமாட்டார்கள். அதற்கு மேல், பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதால் தெரு உயர்ந்தது, வீடு பள்ளமானது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பின்னரே புதிய சாலை போடவேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். ஆயினும் முன்பே உயர்ந்துவிட்ட தெரு தாழப்போவதில்லை.

ஆகவே அளவுநாடாவை முதலில் பிடிக்கவேண்டிய இடம் வாசற்படி. தெருமட்டத்துக்கும் கூடத்தின் தரைக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதே திட்டத்தின் தொடக்கம். தரையை உயர்த்தினால் கூரையின் உயரம் குறையும். நிலைகளையும் கழிவுநீர்க் குழாய்களையும் மாற்ற நேரும். ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்தும் முறையும் இப்போது நடைமுறையில் உள்ளது. எது ஏற்றது என்பதை அஸ்திவாரத்தைப் பார்த்த பொறியாளரே சொல்லவேண்டும். பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவெடுப்பது தகாது.

இரண்டாவது கூரை. பழைய கட்டடங்களில் தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய மெட்ராஸ் தளம் இருக்கும். உத்தரம் நலமாக இருந்தால் அதனைக் காக்கலாம். ஆனால் சுண்ணாம்புத் தளத்தின்மேல் சிமெண்டைப் பூசி மூடினால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றி மரத்தைத் தின்னும். பிற்காலத்துக் கான்கிரீட் தளங்களுக்குத் துன்பம் வேறுவகை. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. உதிர்ந்த இடத்தில் பூச்சு மட்டும் பூசுவது புண்ணைத் துணியால் மூடுவது போன்றது. துருவைச் சுரண்டி, கம்பியின் தேய்வை அளந்து, தேவையானால் புதுக்கம்பி சேர்த்த பின்னரே பூசவேண்டும்.

மூன்றாவது கரையான். நிலைச்சட்டங்களை விரலால் தட்டினால் உள்ளீடற்ற ஒலி கேட்கும் இடங்களில் அது குடியிருக்கிறது. நான்காவது குழாயும் மின்கம்பியும். இவை யாவும் முடிந்த பின்னர் பூச்சு, தரை, கதவு. வண்ணம் கடைசியில்தான். பல வீடுகளில் வண்ணத்தைப் பற்றிய பேச்சுதான் முதலில் எழுகிறது!

பின்கட்டுக் கிணற்றைத் தூர்த்துவிடலாம் என்று யாரேனும் சொல்லக்கூடும். கிணற்றை மூடுவதற்கு மூத்தோர் மனம் கூசுவது வெறும் பழமைப்பற்று அன்று. தமிழகத்தில் மழைநீர் சேமிப்பு 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மொட்டைமாடி நீரை வடிகட்டிக் கிணற்றில் இறக்கினால், தூர்க்க இருந்த கிணறு வீட்டுக்கு மீண்டும் பயன்படும். அதன் நீரைச் சோதிக்காமல் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாதிருப்பது நலம்.

பெயரும் பங்கும்

செங்கல்லுக்கு முன் பார்க்கவேண்டியது பத்திரம். தாத்தா பெயரிலேயே நிற்கும் வீட்டில் ஒரு மகன் தன் சேமிப்பைக் கொட்டிப் புதுப்பித்தால், பின்னாளில் அந்த வீடே உடன்பிறந்தோரைப் பிரித்துவிடும். மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பிறப்புரிமையை 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தந்துள்ளது. ஆகவே பெரியவர்கள் பேசும் ஆற்றலோடு இருக்கும்போதே பெண்மக்களையும் அமர்த்திப் பேசி, யார் எவ்வளவு தருகிறார், யாருக்கு எந்தப் பகுதி என்று எழுதி வைப்பது நன்று. கோயில் திருப்பணிக் குழு வரவுசெலவை எல்லோரும் அறிய வைப்பதுபோல் வீட்டுக்கும் ஒரு கணக்கேடு வேண்டும். பழைய சுவரை உடைத்த பின்னரே தெரியும் குறைகள் உண்டு. அதற்கென மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வைத்துவிட வேண்டும். முதியோரின் மருத்துவச் சேமிப்பில் மட்டும் கைவைக்கலாகாது.

சுவாமிக்கும் மூத்தோர்க்கும் பாலாலயம்

திருப்பணி தொடங்கும்முன் கோயிலில் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, அத்திமரப் பலகையில் எழுதிய திருவுருவுக்கு மாற்றி, தற்காலிக இடத்தில் நித்திய பூசை தொடரும். கருவறையில் உளியின் ஓசை கேட்டாலும் ஒருவேளைப் பூசையும் நிற்பதில்லை.

இல்லங்களிலும் இதே முறை பொருந்தும். சுவாமி படங்களைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, வேலை முடிந்ததும் தேடுவது முறையன்று. தூசு படாத ஒரு மூலையைத் தேர்ந்து, குலதெய்வப் படமும் ஒரு காமாட்சி விளக்கும் வைத்து, இருவேளையும் தீபம் ஏற்றினால் போதும். வறுமை வந்தபோதும் திருவொற்றியூர்க் கோயிலின் விளக்கு அணையலாகாது என்று தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்தவர் கலிய நாயனார். அவர் வாழ்ந்த மண்ணுக்கு அண்டையில் இருப்போர் இரண்டு மாதத் தூசுக்காக விளக்கை மறக்கலாமா?

சுவாமிக்குப் பாலாலயம் பார்க்கும் குடும்பங்கள் பல நேரங்களில் மறந்துவிடுவது ஒன்று உண்டு: வீட்டிலிருக்கும் முதியோருக்கும் பாலாலயம் வேண்டும். வேலை நடக்கும் மாதங்களில் அவர்களை ஒரு வாரம் மூத்த மகன் வீட்டிலும் ஒரு வாரம் மகள் வீட்டிலுமாக மாற்றி மாற்றி அனுப்புவதால், மருந்து தவறுகிறது, உறக்கம் கெடுகிறது, நடுஇரவில் குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழ நேர்கிறது. அதே தெருவில், வழக்கமான மருத்துவரும் மாலையில் செல்லும் கோயிலும் எட்டும் தூரத்தில் ஒரு சிறு வாடகை வீடு எடுப்பது திட்டத்தின் முதல் செலவாக இருக்கவேண்டும். அதற்கு இயலாதெனில் வீட்டை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியின் வேலை முடிந்து அவர்கள் அங்கே குடியேறிய பின்னரே மறுபகுதியைத் தொடலாம்.

புதிய வீட்டிலும் அவர்களுக்குரிய இடம் தரைத்தளமே. அறையை ஒட்டிய குளியலறை, வழுக்காத தரை, கழிப்பறைச் சுவரில் கைப்பிடி, உயரமான இருக்கை வகைக் கழிப்பறை, இரவில் எரியும் சிறு விளக்கு ஆகியவை ஆடம்பரம் அல்ல. பளிங்குபோல் பளபளக்கும் தரை பார்ப்பதற்கு அழகு, ஈரக்காலுக்கு ஆபத்து.

திண்ணைக்கு வந்த அன்னை

வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றவுடன் முதலில் இடிபடுவது திண்ணை. வள்ளலார் பெருமான் 1858-இல் சென்னையை விட்டுப் புறப்படும்முன் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வாழ்ந்தார். அங்கிருந்து நடந்து சென்று திருவொற்றியூர் வடிவுடையம்மனை வழிபடுவது அவர் வழக்கம். ஓரிரவு நேரங்கழித்துத் திரும்பியவர், கதவைத் தட்டி எவரையும் எழுப்ப மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்தார். அம்பிகை அண்ணியாரின் வடிவில் வந்து அமுதளித்தாள் என்று அன்பர்கள் போற்றுகின்றனர்.

வழிப்போக்கர் இளைப்பாறவும், அண்டைவீட்டார் அமர்ந்து பேசவும், முதியவர் தெருவைப் பார்த்துக்கொண்டு மாலைப்பொழுதைக் கழிக்கவும் இடமளித்தது திண்ணை. முழுத்திண்ணைக்கு இடமில்லை என்றால் மூன்றடி நீளமாவது விடலாம். கஜலட்சுமி செதுக்கிய பழைய நிலை உறுதியாக இருந்தால் அதனையும் காக்கலாம். கரையான் மருந்து அடித்து, புதிய உயரத்தில் மீண்டும் நிறுத்துவது தச்சருக்கு இயன்ற வேலையே.

நாளும் ஆளும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையில் கூரையைத் திறப்பது அறிவுடைமை அன்று. பொங்கல் முடிந்து தொடங்கினால் ஆனிக்குள் பெருவேலை முடியும். பஞ்சாங்கத்தில் வாஸ்து புருஷன் கண்விழிக்கும் நாட்கள் ஆண்டுக்கு எட்டு: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. அந்நாளிலும் அவர் விழித்திருப்பது மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம். பல் துலக்கி, நீராடி, பூசை செய்து, உண்டு, தாம்பூலம் தரிக்கும் அந்நேரத்தில் கடைசி இரண்டுக்கும் உரிய 36 நிமிடமே பூமிபூசைக்கு உகந்தது என்பர். தை 12 பலருக்கும் வசதியான நாள். நாளுக்கு மதிப்பளிப்பது சரி. வாஸ்துவின் பெயரால் நல்ல சுவரையும் உறுதியான படிக்கட்டையும் உடைக்கச் சொல்வோரிடம் எச்சரிக்கை வேண்டும். உள்ளிருந்து பாரம் தாங்கும் சுவரை உடைத்தால் எந்தப் பரிகாரமும் கூரையைத் தாங்காது. கூடுதல் மாடி எழுப்புவதாயின் மாநகராட்சியின் அனுமதியும் தேவை.

மேஸ்திரியோடு பேசியதை எழுத்தில் வைத்துக்கொள்வது இருவருக்கும் நன்மை. மகிழமரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்குச் சொன்ன சொல்லைக் காக்க இயலாமல் சுந்தரருக்கே பெருந்துன்பம் நேர்ந்தது திருவொற்றியூரில்தான். பணத்தை வேலை முடிய முடியத் தவணையாகத் தரலாம்; ஆனால் கொத்தனாரும் சித்தாளும் அன்றன்று பெறவேண்டிய கூலியில் தாமதம் கூடாது.

அத்தலத்து ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்களில் மட்டுமே கவசமின்றிக் காட்சி தருபவர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அப்புற்றைச் சூழ்ந்து, தூங்கானை மாட வடிவில் கருங்கல் விமானம் எழுந்தது. சதுரானன பண்டிதர் எடுப்பித்த அந்த விமானத்தைச் செய்தவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டு சொல்கிறது. மன்னன் பெயர் நிற்கும் கல்லில் தச்சனின் பெயரும் நின்றது. புதுமனை புகும் நாளில் கொத்தனாரையும் தச்சரையும் சித்தாளையும் அழைத்து, வேட்டியும் சேலையும் தாம்பூலமும் தந்து, முதற்பந்தியில் அமர்த்தி உணவிட வேண்டும். அவர்கள் வயிறார வாழ்த்தும் வாழ்த்தும் வடிவுடையம்மன் திருவருளும் சேர்ந்து அந்த இல்லத்தைக் காக்கட்டும்.