வளர்த்த செலவு யார் கணக்கில?

"சனம் கூடினா நாடு ஏழையாகும்" என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வருகிறோம். ஆனா கணக்கு அவ்வளவு லேசில்ல.

1960களின் தொடக்கத்தில் இலங்கைக்கும் தென்கொரியாவுக்கும் தலா வருமானத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. பிறகு இரண்டு நாட்டிலுமே பிறப்பு வீதம் குறைந்தது. சின்னப் பிள்ளைகளும் வயோதிபரும் குறைவாக, உழைக்கும் வயதினர் அதிகமாக இருக்கும் காலம் இரண்டு நாட்டுக்கும் வாய்த்தது. கொரியா அந்தக் கைகளுக்குத் தொழிற்சாலை கொடுத்தது. நாங்க 1983 முதல் 2009 வரை யுத்தத்தில இருந்தோம்.

இப்ப பாருங்க. 2023இல் கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளைதான். அங்க ஆள் இல்லை, இங்க சம்பளம் இல்லை. அதனால நம்ம ஆட்கள் கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறாங்க. 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள்.

"காசு வருதுதானே?" வருது. 2024இல் 6.5 பில்லியன் டொலருக்கு மேல் வந்தது. பெற்றோல் வரிசையில நின்ற நமக்கு டொலரின் அருமை தெரியும். ஆனா ஒரு பிள்ளையை இருபது வயசு வரை வளர்த்த செலவு, இலவசக் கல்வி, இலவச மருத்துவம் எல்லாம் நம்ம கணக்கில. நல்லா உழைக்கிற வருசங்கள் அவங்க கணக்கில. திரும்பி வரும்போது முதுமை மறுபடி நம்ம கணக்கில. 2012 கணக்கெடுப்பிலேயே 60 வயதைத் தாண்டியோர் 12.4 சதவீதம், இன்று அதைவிட அதிகம். பணக்காரராக முதலே நாடு கிழடாகுது. இடைவெளி இப்படித்தான் நீளுது.

மாத்தளைக்கு இது புதுக் கதையில்ல. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வளர்த்த பிள்ளைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே இங்க கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தார்கள். அந்த வழியிலேயே 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகம் 200 நடைபயணம் நடந்தது. அன்று லாபம் லண்டனுக்குப் போனது, லயம் இங்க மிஞ்சியது. இன்று அந்த லயத்துப் பிள்ளைகளே அடுத்த நாட்டின் வீட்டையும் வயோதிபரையும் பார்க்கப் போறாங்க.

போகிறவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்ல. ஆனா ஆள் அனுப்புவதையே பொருளாதாரத் திட்டமாக வைத்திருக்கும் அரசிடம் கேட்கத்தான் வேணும். ஆள் எடுக்கும் நாடு பயிற்சிச் செலவில் பங்கு தரட்டும். அங்க உழைத்த வருசங்களுக்கு முதுமையில் ஓய்வூதியம் வரட்டும். தோட்டத்து இளைஞருக்கு இங்கேயே காணியும் தொழிலும் கிடைக்கட்டும். அப்பதான் போவதும் இருப்பதும் அவங்களுடைய தெரிவாக இருக்கும்.