தாளம் அறிந்த கைக்குக் கணக்கு வராதா?

"உருமி அடிக்கிற பையனுக்குக் கணக்கு ஏறாது." கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இவ்வாக்கு வேதவாக்காகவே வழங்கி வருகிறது. பெற்றோர் சொன்னால் அறியாமை எனப் பொறுக்கலாம். ஆசிரியர் அறையில், அதுவும் பயிற்சி பெற்ற நாம், தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியவாறு இதையே சொல்கிறோமே, அதை எங்ஙனம் பொறுப்பது? தாளமே கணக்கு என்பதை மறந்தவர் கணக்கையும் அறியார், தாளத்தையும் அறியார்.

சான்று வேண்டுவோர் தம் இலக்கண நூலையே புரட்டுக. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் ஒலியை அளந்து வைத்தது. இவ்விரண்டை மட்டும் கொண்டு மூன்று மாத்திரையை நிரப்ப மூன்று வழிகள் உள. நான்கு மாத்திரைக்கு ஐந்து வழிகள், ஐந்துக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. ஏன்? இறுதியில் நிற்பது குறிலாயின், அதற்கு முன் ஒரு மாத்திரை குறைந்த அடுக்குகள் யாவும் வரும். நெடிலாயின் இரண்டு குறைந்தவை வரும். ஆகவே முந்தைய இரண்டின் கூட்டலே அடுத்த எண். 1, 2, 3, 5, 8, 13, 21, 34 என அத்தொடர் வளர்கிறது. நான்காம் ஆண்டு மாணவன் கைதட்டியே இதைக் கண்டறியலாம்.

இத்தொடரைப் பிபனாச்சியின் பெயரால் உலகம் அறியும். அவர் முயல்களை எண்ணி அதை எழுதியது 1202-இல். அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே விரகாங்கரும், 1150-ஐ ஒட்டி ஏமச்சந்திரரும் யாப்பின் குறில் நெடில்களை எண்ணி இதே தொடரை அடைந்தனர். 2014-இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற மஞ்சுள் பார்கவா தபேலா வாசிப்பவர். அவர் இத்தொடரைத் தாளத்தின் வழியாகவே விளக்குவார்.

இசையின் உள்ளும் எண்ணே ஆள்கிறது. ஏழு தாளங்களை ஐந்து சாதிகளால் பெருக்கினால் 35 தாளங்கள். மத்திமம் 2, ரிஷப காந்தாரச் சேர்க்கை 6, தைவத நிஷாதச் சேர்க்கை 6. இவற்றைப் பெருக்க 72 மேளகர்த்தா இராகங்கள். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்த கணக்கு இது. இசை பயில்வோர் முதலில் தொடும் மாயாமாளவகௌளையின் பெயரிலேயே அதன் எண் ஒளிந்துள்ளது. கடபயாதி முறைப்படி 'மா' ஐந்து, 'யா' ஒன்று. திருப்பிப் படித்தால் பதினைந்தாம் மேளம். ஏழு, ஆறு, ஐந்து எனச் சொற்கட்டைக் குறைத்துக்கொண்டே வந்து ஒன்றில் முடித்தால் 28. இறுதியில் நான்கைச் சேர்த்தால் 32, அதாவது நான்கு நடையில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். கூட்டுத்தொடருக்கு இதைவிட இனிய பாடம் உண்டோ?

இங்கே மேடைப் பெருமைக்காரர் எழுந்து, "எல்லாம் தமிழன் அன்றே கண்டது" என்பார். அவரையும் மறுக்கிறேன். விரகாங்கர் எழுதியது பிராகிருதத்தில். ஏமச்சந்திரர் கூர்ச்சர நாட்டவர். பிறர் உழைப்பைத் தமதென்பது பெருமையாகாது. மாத்திரையை அளந்த மொழி நம்முடையது. அதை வகுப்பில் எண்ணிக் காட்டுவதே நமக்குரிய பெருமை.

"தேர்வுக்கு நேரம் போதவில்லை" என்பார் மற்றொருவர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. அச்சாக்கு அதனுடன் போயிற்று. 2003-இல் கணிதம் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது, தமிழில் கணிதச் சிந்தனை இயலும் என்று முழங்கினோம். அக்கொள்கை கைவிடப்படும் என 2009-இல் அறிவிப்பு வந்தது. கணிதம் தமிழுக்குத் திரும்பியது. திரும்பிய கணிதத்தைத் தமிழின் ஒலியோடு இணைத்தோமா? பயிற்சி நூலை மட்டுமன்றோ மாற்றினோம்!

குற்றஞ்சாட்டும் நானும் குற்றவாளியே. மீதி வரும் வகுத்தல் தெரியாத ஒரு சிறுவன் என் வகுப்பில் இருந்தான். மேசையைத் தட்டிக்கொண்டே இருந்ததற்காக அவனைப் பலமுறை வெளியே நிறுத்தினேன். திருவிழா இரவொன்றில், பனி மூடிய மலைச்சாலையில், அதே சிறுவன் உருமிக் குழுவின் நடுவே நின்றான். மூன்று, மூன்று, இரண்டு என எட்டைப் பிரித்து அடித்தான், ஒருமுறையும் பிசகவில்லை. மறுநாள் அழைத்து, "எட்டுக்குள் எத்தனை மூன்று, தம்பி?" என்றேன். விரல் தானாக மேசையில் தட்டியது. "ரெண்டு மூணு ஐயா, மிச்சம் ரெண்டு" என்றான். அவனுக்குக் கணக்கு வராமலில்லை. அவன் கணக்கு என் செவிக்கு எட்டவில்லை.

தோட்டப் பள்ளிகளில் மாணவர் தொகை குறைவு என்று வருந்துகிறோம். குறைந்த தொகையில் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் கவனிக்கலாமே! விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒரு மேசையும் பத்து விரல்களும் போதும். தாளம் தட்டும் பிள்ளையை இனி வெளியே நிறுத்தற்க. முன் வரிசைக்கு அழைத்து, "எத்தனை தட்டினாய்?" என்று கேட்க. அங்கே தொடங்கும் கணக்குப் பாடம்.