ரிப்போர்ட் நார்மல்!

எங்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று நம்ப வேண்டுமானால் நெற்றி சுட வேண்டும், இல்லையென்றால் எங்காவது கட்டுப் போட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் மூன்று வருடமாக "உடம்பெல்லாம் வலிக்குதுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார் என் அம்மா.

"நாங்கெல்லாம் உரல்ல மாவாட்டலையா?" என்பார் பாட்டி. ஈ.எஸ்.ஆர்., தைராய்டு எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்ததும் அப்பா சத்தமாகப் படித்துவிட்டு "அப்புறம் என்ன?" என்றார். நான் மட்டும் என்ன யோக்கியமா? "நேத்து கல்யாணத்துல நல்லாத்தானே சிரிச்சுப் பேசிட்டிருந்தே" என்று கேட்டது நான்தான். அதற்கடுத்த இரண்டு நாள் அம்மா எழுந்திருக்கவே இல்லை என்பது என் கணக்கில் வரவில்லை.

கடைசியில் ஒரு டாக்டர் பெயர் சொன்னார்: ஃபைப்ரோமயால்ஜியா. உட்கார்ந்து படித்தேன். மூட்டிலோ தசையிலோ சேதம் தெரியாது. வலிச் செய்தியை மூளையும் தண்டுவடமும் பெரிதாக்கிவிடுகின்றன. ரேடியோவில் சத்தம் கூட்டிய திருகு அப்படியே மாட்டிக்கொண்ட மாதிரி. இது இருக்கிறதென்று காட்ட ரத்தப் பரிசோதனை கிடையாது. நார்மல் ரிப்போர்ட் வேறு சில நோய்கள் இல்லை என்று சொல்லும், அவ்வளவுதான். 1990-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு வகுத்த விதிப்படி, உடம்பு முழுக்க வலி இருப்பதோடு, 18 இடங்களை அழுத்தினால் 11-லாவது வலிக்க வேண்டும். 2010-ல் கொண்டுவந்த புது விதியில் அழுத்திப் பார்ப்பது இல்லை. எங்கெங்கே வலிக்கிறது, அசதி எவ்வளவு, தூங்கி எழுந்தால் தெளிவாக இருக்கிறதா, மறதி உண்டா என்று கேட்கிறார்கள். அதாவது நோயாளி சொல்வதைக் கேட்பதுதான் டெஸ்ட்டே! காசில்லாமல் வீட்டிலேயே செய்திருக்கக்கூடிய அதைத்தான் மூன்று வருடம் நாங்கள் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை? வலி ஒரு நாள் இருந்து ஒரு நாள் குறைவதால் சந்தேகம் வருகிறது, சரி. ஆனால் நிஜக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். அம்மா சொல்வதை நம்பிவிட்டால் தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது? ஈரத்துணி வாளியை யார் மாடிக்குக் கொண்டுபோவது? நம்பாமல் இருப்பது எங்களுக்கு வசதியாக இருந்தது.

இப்போது வாளி என் பொறுப்பு. கிரைண்டரும் நான்தான் கழுவுகிறேன் (சுமாராகத்தான்!). மெதுவாகத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இந்த வலிக்கு அதுவும் வைத்தியம்தான். சாயங்காலம் அம்மா செருப்பு மாட்டும்போது பாட்டி கேட்கிறார்: "நடக்க மட்டும் முடியுதாக்கும்?"

பதில் சொல்லும் வேலையையும் இப்போது நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.